இரு மலைநாடுகளும் இரு நாவலாசிரியர்களும்

1914ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் இலங்கைத் தீவில் இரு குழந்தைகள் பிறந்தன. ஒன்று, கொழும்பிலே பிரித்தானிய இராணுவக் குடும்பமொன்றிற் பிறந்தது. மற்றையது, வட்டகொடையை அடுத்த மடக்கொம்பரைத் தோட்டத்திலே, பெரிய கங்காணி குடும்பமொன்றிற் பிறந்தது. முன்னவர் பிற்காலத்தில் அலெக்சாண்டர் கோர்டெல் என்னும் புனைபெயரில் வேல்ஸ் நாட்டின் வரலாற்று நாவலாசிரியராகப் புகழ்பெற்ற ஜோர்ஜ் அலெக்சாண்டர் கிரேபர். பின்னவர் மலையகத்தின் மக்கள் கவிமணி சி. வி. வேலுப்பிள்ளை. இருவரும் ஒருவரையொருவர் அறிந்திருந்தனர் என்பதற்குச் சான்றெதுவுமில்லை. எனினும் இருவரும் எடுத்துக்கொண்ட பணி ஒன்றே. மலைச்சரிவுகளில் உழைத்து மடிந்து, ஏடுகளில் இடம்பெறாது போன மக்களுக்கு வரலாறொன்றை வழங்குவதே அது. இவ்விருவரையும் ஒருங்குவைத்து நோக்குமிடத்து, வரலாற்று நாவல் என்பது யாது என்ற வினாவிற்கு எமது மண்ணிலிருந்தே விடை காண முடியும்.

கோர்டெல் பிறப்பால் வேல்ஸ் நாட்டவரல்லர். இளமையிற் பிரித்தானிய இராணுவத்தின் பொறியியற் படைப்பிரிவிற் பணியாற்றினார். பின்னர் தென் வேல்ஸிற் குடியேறிக் கட்டட அளவைத் தொழிலை மேற்கொண்டார். அங்கு அவர் கண்டவை, கைவிடப்பட்ட உலைகளும் சுரங்க வாய்களும் அவற்றைச் சூழ்ந்த தொழிலாளர் குடியிருப்புகளுமேயாம். ஒரு நூற்றாண்டுக்கு முன் அவ்விடங்களில் வாழ்ந்தோர் யாவர் என்ற தேடலே அவரை எழுத்தாளராக்கியது எனலாம். அழகிய நாட்டின் சூறையாடல் எனப் பொருள்படும் தலைப்பில் 1959இல் வெளிவந்த நாவல் அவருக்குப் பெரும் புகழை ஈட்டித்தந்தது. பிளேனாவன், நான்ரிகிளோ ஆகிய இரும்பாலை ஊர்களில் வாழும் மோர்ட்டிமர் குடும்பத்தின் கதை அது. தொழிற்சங்கம் கருக்கொள்வதும், சாசன இயக்கத்தினர் 1839 நவம்பரில் நியூபோர்ட் நகரை நோக்கித் திரண்டு சென்று படையினரின் துப்பாக்கிச் சூட்டுக்கு இலக்காவதும் அக்குடும்பத்தின் அனுபவமாகவே அதில் விரிகின்றன. 1960இலும் 1969இலும் வெளிவந்த இரு நாவல்கள் அக்கதையைத் தொடர்ந்தன. 1997இல் அவர் காலமானார்.

கோர்டெலின் எழுத்து முறையை விளங்கிக்கொள்ள 1972இல் வெளிவந்த அவரது மற்றொரு நாவல் உதவும். 1831இல் மேர்தர் நகரில் நிகழ்ந்த தொழிலாளர் எழுச்சியே அதன் களம். அவ்வெழுச்சியின்போது படைவீரன் ஒருவனைக் காயப்படுத்தியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டு, டிக் பென்டெரின் என மக்களால் அழைக்கப்பட்ட இளந்தொழிலாளி அவ்வாண்டு ஓகஸ்ட் மாதம் கார்டிஃப் நகரிலே தூக்கிலிடப்பட்டான். அவன் குற்றமற்றவன் என்பது அம்மக்களின் நீங்காத நம்பிக்கை. அமெரிக்காவிற்குச் சென்றுவிட்ட வேறொருவன் தன் மரணப்படுக்கையில் அக்குற்றத்தை ஒப்புக்கொண்டதாக 1874இல் செய்தியும் வெளிவந்தது. நீதிமன்றம் எழுதிவைத்த தீர்ப்புக்கும் மக்கள் நினைவில் வாழ்ந்த தீர்ப்புக்கும் இடையிலிருந்த இவ்விடைவெளியிலேதான் கோர்டெல் தமது நாவலைக் கட்டியெழுப்பினார்.

இனி எமது மலைநாட்டிற்கு வருவோம். சி.வி. கல்வி கற்று ஆசிரியரானார், பின்னர் தொழிற்சங்கவாதியானார். 1947இல் நடைபெற்ற பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் வெற்றிபெற்ற எழுவரில் ஒருவராகத் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்றார். அடுத்த ஆண்டே நிறைவேறிய பிரசாவுரிமைச் சட்டம், அவரைத் தெரிவுசெய்த மக்களை நாடற்றோராக்கியது. அதனைத் தொடர்ந்து வாக்குரிமையும் பறிபோனமையால் 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அவ்வெழுவருள் எவரும் நாடாளுமன்றம் மீளவில்லை. சட்டமன்றத்திற் பேசும் வாய்ப்பை இழந்தவர் எழுத்திலே பேசத் தலைப்பட்டார். 1950களில் ஆங்கிலத்தில் வெளிவந்த அவரது நெடுங்கவிதை, சக்தீ பாலையாவின் மொழியாக்கத்தில் ‘தேயிலைத் தோட்டத்திலே’ என 1969இல் தமிழுக்கு வந்தது. தேயிலைச் செடிகளின் அடியிற் புதைந்துபோன முன்னோருக்கு நினைவுச்சின்னமேதும் இல்லையே என்ற துயரம் அதன் உயிர்நாடியாகும்.

பத்திரிகைத் தொடராக வந்து 1981இல் நூலுருப்பெற்ற ‘வீடற்றவன்’ நாவல் எமது ஆய்வுக்கு இன்றியமையாதது. தோட்டத்திலே தொழிற்சங்கம் அமைக்க முனைந்த தொழிலாளி, வேலையை இழப்பதோடு வாழ்ந்த லயத்துக் காம்பராவையும் இழந்து வெளியேற நேர்வதை அது காட்டுகின்றது. தோட்டத்தில் வீடு தொழிலாளிக்கு உரியதன்று, வேலைக்கு உரியது. பேர் நீக்கப்பட்ட நாளிலேயே கூரையும் நீங்கிவிடும். துரைமாரின் அதிகாரம் எங்கிருந்து பிறந்தது என்பதைப் பொருளியல் நூல்கள் பல பக்கங்களில் விளக்கலாம். ‘வீடற்றவன்’ என்ற ஒரே சொல்லில் சி.வி. அதனை உணர்த்திவிட்டார்.

இரு மலைநாடுகளுக்கும் இடையிலான ஒப்புமைகள் வியப்பளிப்பன. வேல்ஸ் இரும்பாலைகளில் முதலாளியின் கடையிலேயே பொருள் வாங்கவேண்டிய நிலை தொழிலாளரைக் கடனில் ஆழ்த்தியது. இங்கே, தோட்டம் வழங்கிய அரிசியின் விலை சம்பளத்திற் கழிக்கப்பட்டது. கடனைத் தீர்க்காத தொழிலாளி துண்டின்றி வேறு தோட்டம் செல்லவியலாதிருந்தது. அத்துண்டு முறை 1921இலேயே ஒழிந்தது. அங்கே டிக் பென்டெரின். இங்கே 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியான கோவிந்தன். இரு பெயர்களையும் காப்பாற்றியது மக்கள் நினைவே.

ஆயினும் வேறுபாடொன்று இவ்வொப்புமைகளை விஞ்சி நிற்கின்றது. கோர்டெல் எழுதியது முடிந்துபோன வரலாறு. அவர் எழுதுகையில் உலைகள் அணைந்துவிட்டன; வழக்கேடுகளும் பழைய பத்திரிகைகளும் நூலகங்களில் அவருக்காகக் காத்திருந்தன. வெளியாராக வந்து, தேடி, அம்மக்களுள் ஒருவரானார். சி.வி. எழுதியதோ முடியாத வரலாறு. அவரது எழுத்துக்காலத்தின் நடுவிலேதான் 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவிற்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என எண்ணிக் கணக்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் விதி 1974வரை தீர்மானிக்கப்படவில்லை. மக்கள் இவ்வாறு எண்களாகப் பிரிக்கப்பட்ட காலத்தில் அவர் அவர்களுக்கு முகமும் குரலும் தந்தார். தோட்ட மாந்தரைச் சித்திரித்து 1970இல் ஆங்கில நூலொன்றை வெளியிட்டார். 1983இல் ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்னும் தொகுப்பை அளித்தார். 1984 நவம்பரில் அவர் மறைந்தபின் ‘நாடற்றவர் கதை’ 1987இல் வெளிவந்தது. ஆவணக் காப்பகம் இல்லாத சமூகத்திலே எழுத்தாளரே காப்பாளருமானார்.

நாவலை வரலாறென ஏற்கலாமா என்ற வினா இங்கு எழுதல் இயல்பே. நாவலாசிரியன் உரையாடலைப் புனைகிறான், மாந்தரைப் படைக்கிறான், காலத்தைச் சுருக்குகிறான். எனவே நாவலின் கூற்றை நிகழ்ச்சிக்கான சான்றாகக் காட்டுதல் ஆய்வு நெறியாகாது. இதனை யாமும் ஏற்கின்றோம். ஆனால் தோட்டத்துச் செக்றோல் தரும் சான்று மட்டும் முழுமையானதா? அதில் ஒரு பெண்ணின் பெயரும், அவள் பறித்த கொழுந்தின் எடையும், அவளுக்குரிய சம்பளமும் இருக்கும். பிரட்டுக்களத்தில் அவள் பட்ட அவமானமும், அவள் குழந்தையைப் பிள்ளைமடுவத்தில் விட்டுச்சென்ற மனநிலையும் அதில் இரா. ஏடு கூறாததை நாவல் கூறும்; நாவல் கூறுவதை ஏட்டோடு ஒத்துப்பார்ப்பது வரலாற்று மாணவரின் கடமை. இரண்டுள் எதனையும் தள்ளிவிடுதல் தகாது.

இதனை எழுதும் எனது பாட்டியார் நுவரெலியா மாவட்டத் தோட்டமொன்றில் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் கொழுந்தெடுத்தவர். அவ்வுழைப்புக்கு எம் வீட்டில் எஞ்சியுள்ள எழுத்துச் சான்று ஊழியர் சேமலாப நிதி தொடர்பான கடிதமொன்றே. அவரது தமையனார் ஒப்பந்தத்தின்கீழ் இந்தியா சென்ற நாளில் ஹட்டன் புகையிரத நிலையத்தில் நிகழ்ந்ததை அவர் எத்தனையோ முறை கூறியிருக்கிறார். நான் அதனை ஒருமுறையேனும் எழுதிவைக்கவில்லை. இப்போது அவர் இல்லை. அந்நாள் எந்த மாதம், எந்த ஆண்டு என்பதைக்கூட எம் குடும்பத்தில் இன்று உறுதியாகக் கூறவல்லார் எவருமிலர். சி.வி.யின் நூல்களை அதன்பின் படித்தபோதுதான், அவர் செய்த பணியின் பெறுமதியையும் நான் செய்யத் தவறியதன் இழப்பையும் ஒருங்கே உணர்ந்தேன்.

மலையகத் தமிழர் இந்நாட்டிற்கு வந்து 200 ஆண்டுகள் நிறைவுற்றதை நினைவுகூர்ந்து, 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடைபயணம் மேற்கொள்ளப்பட்டது. முன்னோர் நடந்த வழியை வழித்தோன்றல்கள் நடந்து காட்டினர். அவ்வழியை எழுதிக்காட்டும் கடமை பல்கலைக்கழகம் புகுந்த எம்மைச் சார்ந்தது. கோர்டெலுக்கு வாய்த்த வழக்கேடுகள் எமக்கு வாய்க்கவில்லை. ஆயின் எமது லயங்களில் முதியோர் இன்னும் சிலர் வாழ்கின்றனர். அடுத்த விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் அவர்களுள் ஒருவரின் அருகிலேனும் அமர்ந்து, கேட்டு, ஆண்டும் இடமும் பெயரும் குறித்து எழுதிவருவாராயின், நாளைய நாவலாசிரியனும் வரலாற்றாசிரியனும் வெறுங்கையுடன் நிற்கமாட்டார்கள்.