1948 நவம்பர் 29: ஒரு நாளின் அலுவல்

நம் கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று கேட்டபோது, மன்னர்களையோ போர்களையோ பற்றி எழுத நமக்கு மனம் வரவில்லை. நம்மவர் வாழ்வைத் தொட்ட வரலாறு போர்க்களங்களில் நிகழ்ந்ததைக் காட்டிலும் மன்றங்களில், அதுவும் யாரும் நின்று கவனியாத சாதாரண நாள்களில், வரிசை எண் இடப்பட்ட அலுவல்களாகவே பெரிதும் நிகழ்ந்திருக்கின்றது. அத்தகைய நாள் ஒன்றை இங்கே எடுத்துக்கொள்கின்றோம். அது 1948-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 29-ஆம் நாள், திங்கட்கிழமை.

அன்று புதுதில்லியில் அரசியல் நிர்ணய சபை கூடியிருந்தது. அச்சபையே அந்நாளில் நாட்டின் பாராளுமன்றமாகவும் விளங்கியது. 1946 டிசம்பர் 9-இல் முதன்முதலாகக் கூடிய அச்சபையின் முன், அண்ணல் அம்பேத்கர் தலைமையில் அமைந்த வரைவுக்குழு ஆக்கிய சட்ட வரைவு 1948 நவம்பர் 4-ஆம் நாள் வைக்கப்பெற்றது. 315 பிரிவுகளும் 8 அட்டவணைகளும் கொண்ட அவ்வரைவை, பிரிவு பிரிவாக எடுத்து, திருத்தம் திருத்தமாகப் பேசி முடிக்க வேண்டியிருந்தது. உறுப்பினர்கள் அறிவிப்புக் கொடுத்த திருத்தங்கள் மட்டும் 7,635. அவற்றுள் 2,473 திருத்தங்கள் சபையில் முறைப்படி கொண்டுவரப்பட்டன. இந்த எண்ணிக்கையை நம் இளைஞர்கள் மனத்திற் கொள்ளல் வேண்டும். சட்டம் ஒரு பெருமகனாரின் எழுதுகோலிலிருந்து ஒரே இரவில் பிறந்துவிட்டது போலப் பேசுவோர் இன்றும் உளர். அவ்வாறன்று. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒருவர் எழுந்து நின்று காரணம் கேட்டார். மற்றொருவர் எழுந்து விடை கூறினார்.

அலுவல் முறை எளியது. தலைவர் இருக்கையில் அமர்ந்திருப்பவர், 'இன்ன பிரிவு அரசியல் சட்டத்தின் பகுதியாக அமைக' என்னும் தீர்மானத்தை முன்வைப்பார். பின்னர்த் திருத்தங்களின் எண்களை ஒவ்வொன்றாகப் படிப்பார். கொடுத்தவர் எழுந்து மொழிவார், அல்லது விட்டுவிடுவார். விவாதம் முடிந்ததும் அண்ணல் அம்பேத்கர் எழுந்து, எதனை ஏற்கிறேன், எதனை ஏற்கவில்லை என்பார். அதன்பின் வாக்கு. அன்று தலைவர் இருக்கையில் இருந்தவர் சபையின் உபதலைவர் எச். சி. முகர்ஜி. வங்காளத்துக் கிறிஸ்தவப் பெரியார்.

அன்றைய நிரலில் இரு பிரிவுகள் நம்மைப் பற்றியவை. வரைவின் 9-ஆம் பிரிவு ஒன்று. 11-ஆம் பிரிவு மற்றொன்று. இன்றைய அரசியல் சட்டத்தில் அவை முறையே 15-ஆம், 17-ஆம் பிரிவுகளாக உள்ளன. தீண்டாமை ஒழிப்பைக் கூறும் 17-ஆம் பிரிவை மேடைதோறும் சொல்லக் கேட்கின்றோம். ஆனால் அன்று முன்னதாக எடுத்துக்கொள்ளப்பட்ட 9-ஆம் பிரிவின் மீது நடந்த பேச்சே நம் கொங்குநாட்டு வாழ்வுக்கு நெருங்கியது என்பது நம் கருத்து. அதனால் அதில் சற்று நின்று செல்கின்றோம்.

கடைகள், பொது உணவு விடுதிகள், ஓட்டல்கள், பொதுக் கேளிக்கை இடங்கள் ஆகியவற்றுள் நுழைவதிலும், பொதுப் பணத்தால் பேணப்படும் அல்லது பொதுமக்களுக்கென விடப்பட்ட கிணறு, குளம், சாலை முதலியவற்றைப் பயன்கொள்வதிலும் சாதி மத வேற்றுமை காட்டலாகாது என்பது அப்பிரிவின் சாரம். 'கடை' என்றால் எதுவரை என்று உறுப்பினர்கள் வினவினர். சிறு வினா போலத் தோன்றும். சிறு வினா அன்று. கடை என்பது பொருள் விற்கும் இடம் மட்டுமே என்றால், முடிதிருத்தும் நிலையமும் சலவைக் கடையும் வெளியே நின்றுவிடும். அண்ணல் தந்த விடை இதுதான்: தன்னை நாடி வருவோர் எவர்க்கும் தன் சேவையை அளிக்க முன்வந்து ஒருவர் நடத்தும் இடமே கடை, அச்சொல் உள்ளே நுழையும் உரிமையை மட்டும் குறிப்பதன்று, உரிய நிபந்தனைக்கு உட்பட்டுச் சேவையைக் கோரிப் பெறும் உரிமையையும் குறிக்கும். மருத்துவரும் வழக்கறிஞரும் இதில் அடங்குவரா என்று கேட்டபோது, அடங்குவர் என்றே சொன்னார்.

நம் சங்கத்தின் மூத்தோர் பலர் இளமையில், ஊர் முடிதிருத்துவோர் தமக்குக் கத்தி எடுக்க மறுத்தமையால் பல கல் நடந்து நகரத்துக்கு வந்ததைச் சொல்லக் கேட்டிருக்கின்றோம். தேநீர்க் கடைக்குள் நுழையவே தடையில்லாத இடங்களிலும் நமக்கென்று தனிக் குவளை கூரைக் கம்பில் தொங்கியது. சில ஊர்களில் குவளையும் இல்லை, சிரட்டைதான். கடைக்குள் 'நுழைவு' இருந்தது. 'சேவை' வேறாக இருந்தது. தில்லியில் அண்ணல் அந்த இரண்டு சொற்களையும் பிரித்துக் காட்டிய நுட்பம், ஏட்டறிவால் மட்டும் வந்ததாக நமக்குத் தோன்றவில்லை.

அடுத்து எழுந்தது இடுகாட்டு வினா. அன்றைய சென்னை மாகாணத்தின் ஆந்திரப் பகுதியிலிருந்து வந்த எஸ். நாகப்பா, நம் போன்ற ஒடுக்கப்பட்ட குடியில் பிறந்தவர், பொது இடம் என்பதில் இடுகாடு அடங்குமா என்பதில் அக்கறை காட்டினார். செத்த பின் தனக்கு என்ன ஆகும் என்று எவரும் கவலைப்பட மாட்டார் என்றல்லவா நினைத்தேன் என்று அண்ணல் சற்று நகைச்சுவையாகத் தொடங்கினார். பின்னர், நாகப்பா அதில் அக்கறை கொண்டிருப்பதால் சொல்கிறேன் என்று தெளிவாகவே விடை தந்தார். அரசின் பணத்தாலோ உள்ளாட்சியின் பணத்தாலோ முழுதுமோ ஓரளவோ பேணப்படும் இடுகாடாயின், அங்கே ஒவ்வொருவர் உடலையும் புதைக்கவோ எரிக்கவோ உரிமை உண்டு; அத்தகைய பொது இடுகாடு இல்லாத இடத்தில் கோரிக்கைக்கே இடமில்லை என்றார். இவ்விடையின் பிற்பாதியை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். நொய்யல் கரையிலும் ஓடைப் புறம்போக்குகளிலும் நம்மவர் பிணங்களைத் தூக்கிக்கொண்டு வழி கேட்டு நின்ற ஊர்கள் உண்டு. அங்கெல்லாம் இடுகாடு 'பொதுவா, ஊராருடையதா' என்னும் வழக்கே முதல் வழக்காக வந்தது. நாகப்பா கேட்டது வேடிக்கைக் கேள்வியன்று.

கிணற்றைப் பற்றியும் ஒரு சொல். கொங்கு நாட்டில் எருது பூட்டிக் கவலை இறைத்த காலத்தில், கவலைச் சாலுக்கு வேண்டிய தோல் வேலை முழுதும் அருந்ததிய மக்களின் கையால் ஆனது. அத்தோல் நாள் முழுதும் கிணற்று நீரில் முழுகி எழுந்தது. அதனைத் தைத்த கைக்கு அக்கிணற்றில் ஒரு குடம் மொள்ள உரிமை இல்லை. தோலுக்கு இல்லாத தீட்டு, தைத்தவனுக்கு இருந்தது! 1930-களில் பைக்காரா மின்சாரம் கோவை மாவட்டத்துக்கு வந்து, பின்னர் மெல்ல மெல்லக் கிணறுகளில் மின்மோட்டார் ஏறிய பிறகு கவலை போயிற்று. தோல் வேலையும் போயிற்று. பண்ணையாள் முறை தளர்ந்து நம்மவர் பலர் திருப்பூருக்கு வந்து பனியன் கம்பெனிகளில் சேர்ந்தனர். தீட்டு மட்டும் மோட்டாருடன் போகவில்லை.

9-ஆம் பிரிவு நிறைவேறியது. பின்னர் வந்தது 11-ஆம் பிரிவு. தீண்டாமை ஒழிக்கப்படுகிறது, அதை எவ்வடிவில் கைக்கொள்வதும் தடை செய்யப்படுகிறது, அதன்வழி எழும் எந்தக் குறைபாட்டையும் ஒருவர் மேல் சுமத்துவது சட்டப்படி தண்டனைக்குரிய குற்றமாகும் என்பதே அதன் உள்ளடக்கம். இக்கருத்து முந்திய ஆண்டு 1947 ஏப்ரல் 29-ஆம் நாளே, சர்தார் படேல் அடிப்படை உரிமைகள் பற்றிய இடைக்கால அறிக்கையை முன்வைத்தபோது சபையால் ஏற்கப்பட்டிருந்தது. அப்போது வங்காளத்துப் பி. ஆர். தாக்கூர், சாதியமைப்பை ஒழிக்காமல் தீண்டாமையை எப்படி ஒழிப்பீர்கள், நோய் சாதி, தீண்டாமை அதன் அறிகுறியே அன்றோ என்று கேட்டிருந்தார். அக்கேள்விக்கு 1948-இலும் எவரும் விடை தரவில்லை.

நசிருத்தீன் அகமது என்னும் உறுப்பினர் பிரிவின் வாசகத்தையே மாற்றி ஒரு திருத்தம் தந்தார். பேராசிரியர் கே. டி. ஷா, 'தீண்டாமை' என்ற சொல்லுக்கு எங்குமே விளக்கம் இல்லையே என்றார். சில நாள்களில் பெண்களையும், ஈமக்கடன் செய்வோரையும் தீண்டாதிருக்கும் வழக்கம் உண்டே, அவையும் இதில் அடங்குமோ என்று ஐயுற்றார். ஷாவின் ஐயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. எனினும் அண்ணல் அகமதுவின் திருத்தத்தை ஏற்கவில்லை என்று ஒரே வாக்கியத்தில் முடித்தார். ஷாவுக்கு மறுமொழி தருகிறீர்களா என்று உபதலைவர் கேட்டதற்கு, இல்லை என்றார். அவ்வளவே. விளக்கம் எழுதினால் விளக்கத்துக்கு வெளியே நிற்கும் தீண்டாமை ஒன்றை நாளைக்கே கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதை அவர் அறியாதவரா என்று நாம் எண்ணிக்கொள்கின்றோம். அவர் அப்படிச் சொன்னாரில்லை. இது நம் எண்ணம். மேற்கோள் குறிக்குள் நிற்கும் அச்சொல் இந்நாட்டில் வரலாற்று வழி வளர்ந்த வழக்கத்தையே குறிக்கும் என்று 1950-களின் பிற்பகுதியில் மைசூர் உயர்நீதிமன்றம் பொருள் கொண்டது.

பேசியவருள் இருவர் நமக்கு அண்மையர். ஒருவர் நீலகிரியைச் சேர்ந்த வி. ஐ. முனுசாமிப் பிள்ளை, 1937-இல் இராஜாஜி அமைச்சரவையில் வேளாண்மை அமைச்சராக இருந்தவர். சாதி இந்துக்களும் நிலக்கிழார்களும் காலங்காலமாக ஒரு மக்களை இக்கயிற்றால் கட்டி வருத்தியதை அவர் எடுத்துரைத்து, இப்பிரிவை வரவேற்றார். மற்றவர் தாட்சாயணி வேலாயுதன். கொச்சியில் புலையர் குடியில் பிறந்து, நாட்டிலேயே தாழ்த்தப்பட்ட வகுப்பில் முதல் பட்டதாரிப் பெண்ணானவர். சென்னை மாகாணத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர். அச்சபையில் நம் குலத்துப் பெண் அவர் ஒருவரே. வரைவுக்குழுவின் தலைவரே தீண்டப்படாதார் எனப்பட்ட வகுப்பினராக இருக்க, இப்பிரிவு இல்லாத அரசியல் சட்டத்தை நினைக்கவும் இயலாது என்றார் அவர். சட்டம் செயற்படுவது அதன் நிறைவேற்றத்தை மட்டும் பொறுத்ததன்று, மக்கள் இனி எவ்வாறு நடந்துகொள்வர் என்பதைப் பொறுத்தது என்றும் சொன்னார். கோவை மாவட்டத்தவரான டி. ஏ. இராமலிங்கம் செட்டியாரும் சி. சுப்பிரமணியமும் அச்சபையின் உறுப்பினரே.

வாக்கெடுத்ததும் பிரிவு நிறைவேறியது. அப்போது உறுப்பினர்கள் 'மகாத்மா காந்திக்கு ஜே' என்று முழங்கினர் என்று சபைக் குறிப்பு கூறுகின்றது. காந்தியடிகள் அந்த ஆண்டு ஜனவரியில்தான் மறைந்தார். முழக்கம் எழுந்தது இயல்பே. வரைவை எழுதியவர் அங்கேயே அமர்ந்திருந்தார் என்பதையும் குறித்துவைக்கின்றோம்.

இனி, தண்டனை. 'சட்டப்படி தண்டனைக்குரியது' என்று பிரிவு சொன்னதேயன்றி, தண்டனை இன்னது என்று சொல்லவில்லை. அதற்கெனப் பாராளுமன்றம் தனிச்சட்டம் செய்ய வேண்டியிருந்தது. நம் மாகாணம் இதில் முந்தியது என்று சொல்வதில் பெருமையுண்டு. 1924-இலேயே பொதுச் சாலைகளும் கிணறுகளும் எல்லோர்க்கும் உரியன என்னும் முயற்சி சென்னைச் சட்டமன்றத்தில் நடந்தது. இரட்டைமலை சீனிவாசனும் கோவை ஆர். வீரையனும் அப்பணியில் முன்னின்றவர்கள். எம். சி. ராஜா கொண்டுவந்த குடியியல் தகுதியின்மை நீக்கச் சட்டம் 1938-இல் வந்தது. ஆயினும் நாடு முழுமைக்குமான தீண்டாமைக் குற்றச் சட்டம் 1955 ஜூன் 1-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அரசியல் சட்டம் வந்து ஐந்தாண்டுக்கு மேல் குற்றத்துக்குப் பெயர் இருந்தது, நாடு தழுவிய தண்டனை இல்லை.

அந்த 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்றிருந்தது. குறைந்த அளவு தண்டனை எதுவும் குறிக்கப்படவில்லை. பத்து ரூபாய் கட்டிவிட்டுப் போகலாம். அதைவிடக் கொடியது, அக்குற்றங்கள் இரு தரப்பும் ராஜி செய்துகொள்ளத்தக்கவை என்ற விதி. யாருடைய தோட்டத்தில் கூலி வேலை செய்கிறோமோ அவர் மேல் வழக்குத் தொடுத்தவன், அடுத்த வாரம் கூலிக்கு யாரிடம் போவான்? ராஜி என்பது அவன் வயிற்றோடு செய்துகொண்ட ராஜி. 1976 நவம்பர் 19-இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் சட்டத்தின் பெயரைக் குடியியல் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் என மாற்றியது. ராஜிக்கு வழியை அடைத்தது. குறைந்தது ஒரு மாதச் சிறை என்று வரையறுத்தது. பின்னர் 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1990 ஜனவரி 30 முதல் நடைமுறைக்கு வந்தது. கர்நாடகத்தில் ஆழ்துளைக் கிணற்றில் நீர் எடுக்க வந்தவர்களைத் துப்பாக்கி காட்டித் தடுத்த வழக்கில், உயர்நீதிமன்றம் விடுவித்தவர்களை உச்சநீதிமன்றம் 1992-இல் தண்டித்தது. கவலை போய், மோட்டார் வந்து, ஆழ்துளைக் கிணறும் வந்த பின்னரும் வழக்கு நீரைப் பற்றியதாகவே இருந்தது.

நம் வட்டாரத்தில் என்ன? பனியன் கம்பெனியில் கட்டிங், ஓவர்லாக், செக்கிங் எனப் பக்கத்துப் பக்கத்து மேசையில் அமர்ந்து பீஸ் ரேட்டுக்கு வேலை செய்கின்றோம். ஒரே துணி பல கை மாறுகின்றது. பெட்டிக்குள் போகும் பனியனில் யார் கை பட்டது என்று எவரும் கேட்பதில்லை. மாலையில் பேருந்து ஏறி ஊருக்குத் திரும்பினால் கேட்கின்றனர். 2018-ஆம் ஆண்டில் அவிநாசி வட்டத்து அரசுப் பள்ளியொன்றில், அருந்ததியப் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கலாகாது என்று ஊரார் சிலர் எதிர்த்தனர்; அவருக்கு இடமாற்ற ஆணை வந்தது; எதிர்ப்புக் கிளம்பிய பின் அது திரும்பப் பெறப்பட்டு, வழக்கும் பதிவாயிற்று. தில்லியில் 11-ஆம் பிரிவு நிறைவேறி எழுபது ஆண்டு நிறையும் ஆண்டு அது.

சபை விவாதங்கள் முழுதும் அச்சாகியுள்ளன. நவம்பர் 29-ஆம் நாள் குறிப்பு ஏழாம் தொகுதியில் உள்ளது. ஆங்கிலம் கடினமானதன்று, நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் பத்தாம் வகுப்பு மாணவர்களே அகராதி துணையோடு படித்துவிடுகின்றனர். அதனைப் படிப்போர் அங்கேயே நிறுத்திவிடாமல் அடுத்த நாள் பக்கத்தையும் புரட்டுக. நவம்பர் 30-ஆம் நாள் காலை சபை எடுத்துக்கொண்டது 10-ஆம் பிரிவு: அரசுப் பணிகளில் இட ஒதுக்கீடு. 'பிற்பட்ட' என்ற ஒரு சொல்லின் மேல் அன்று பெரும் விவாதம் நடந்தது. அதற்கு அண்ணல் ஒற்றை வாக்கியத்தில் அன்று, நீண்ட உரையில் விடை தந்தார்.