பெட்ரோல் ஆவியும் கரிக் குடுவையும்

மோட்டார் வண்டியினால் காற்று மாசடைகிறது என்று சொல்லும்போது, வண்டியின் பின்புறக் குழாயிலிருந்து வெளிப்படும் புகையே பெரும்பாலோருடைய நினைவுக்கு வருகிறது. ஆனால் இயந்திரம் அணைக்கப்பட்டு, சக்கரம் ஓர் அங்குலமும் நகராமல், வெயிலில் வெறுமனே நின்றுகொண்டிருக்கும் வண்டியும், தன் தொட்டியிலுள்ள பெட்ரோலை ஆவியாக வெளியே விடுவதன் மூலம் காற்றைக் கெடுக்க வல்லது என்ற உண்மை, மோட்டார் வண்டி தோன்றி அரை நூற்றாண்டுக்கு மேல் கழிந்த பிறகே விஞ்ஞானிகளுடைய சிந்தையில் தெளிவு பெற்றது. அந்த ஆவியைப் பிடித்து வைத்து, மீண்டும் இயந்திரத்துக்கே எரிபொருளாகக் கொடுக்கும் பொருட்டு உண்டான சாதனம்தான், பானெட்டுக்கு அடியிலோ பின்சக்கரத்தின் அருகிலோ கேட்பாரற்றுக் கிடக்கும் கரிக் குடுவை. பட்டறைகளில் இதைக் கேனிஸ்டர் என்பார்கள். வண்டிக்கு வேகம் தராத உறுப்பு என்ற ஒரே குற்றத்துக்காகப் பல தடவை கழற்றி எறியப்படும் துர்ப்பாக்கியம் இதற்கு நேர்ந்திருப்பதால், இதன் பிறப்பைச் சற்று விஸ்தாரமாகவே சொல்ல விரும்புகிறேன்.

கதை தொடங்குவது அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில். ஒரு புறம் பசிபிக் சமுத்திரமும் மற்றப் புறங்களில் மலைகளும் சூழ்ந்த அந்நகரத்தின் மேல், கீழேயுள்ள காற்றைவிட வெப்பமான காற்று ஓர் அடுக்காகப் பரவி நின்று, தரையிலிருந்து எழும் புகையை உயரப் போகவொட்டாமல் தடுத்துவிடுவது அடிக்கடி நேரும் இயற்கை நிகழ்ச்சி. இரண்டாம் உலக யுத்தம் மும்முரமாக நடந்துகொண்டிருந்த 1943-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் தேதி நகரத்தைக் கவிந்துகொண்ட மூட்டத்தில் ஜனங்களுக்குக் கண் எரிந்து நீர் வடிந்தது, தொண்டை கரகரத்தது. ஜப்பானியர் விஷவாயு வீசிவிட்டனரோ என்றுகூடச் சிலர் அஞ்சினார்கள். செயற்கை ரப்பருக்கு வேண்டிய பியூடடையீன் என்ற பொருளைத் தயாரித்து வந்த அலிசோ தெருத் தொழிற்சாலையின்மேல் பழி விழுந்தது. அதை மூடிப் பார்த்தும் மூட்டம் விலகவில்லை.

உண்மையான காரணத்தைக் கண்டவர், ஹாலந்து தேசத்தில் பிறந்து கலிபோர்னியாவில் கால்டெக் கல்வி நிலையத்தில் உயிர் ரசாயன ஆசிரியராக விளங்கிய ஏரி ஹாகன்-ஸ்மிட். அன்னாசிப் பழத்தின் நறுமணத்துக்குக் காரணபூதமான நுண்பொருள்களைப் பிரித்தெடுக்கும் ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்த அவர், அந்தத் திறமையை அப்படியே நகரத்துக் காற்றின்மேல் பிரயோகித்தார். பெட்ரோலிலுள்ள ஹைட்ரோகார்பன்களும், எரியும்போது பிறக்கும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளும் சூரிய வெளிச்சத்தில் வினைபுரிந்து ஓசோனை உண்டாக்குகின்றன என்றும், பயிர்களின் இலையை வாட்டுவதும் ரப்பரில் வெடிப்பு விழச் செய்வதும் அந்த ஓசோன் முதலிய விளைபொருள்களே என்றும் அவர் சோதனைச் சாலையில் நிரூபித்து, 1952-இல் விரிவான கட்டுரை வெளியிட்டார். எண்ணெய்க் கம்பெனிகளின் பொருளுதவி பெற்ற ஆராய்ச்சியாளர்கள் அவருடைய முடிவை மறுத்தார்கள். அவரோ தம் அன்னாசி ஆராய்ச்சியை ஒதுக்கி வைத்துவிட்டு, இந்த விவாதத்திலேயே தம் எஞ்சிய வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார். எரிந்து வெளிவரும் புகையைப் போலவே, எரியாமல் வெளிவரும் ஆவியும் குற்றவாளி என்பதுதான் அவருடைய கண்டுபிடிப்பில் நம் விஷயத்துக்கு வேண்டிய சாரம்.

அந்தச் சாரத்தை முதலில் ஏற்க நேர்ந்தவை எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள். அவற்றின் மாபெரும் தொட்டிகளில், திரவத்தின்மேல் மிதந்து ஆவிக்கு இடம் கொடாத கூரைகளைப் பொருத்தும்படி ஆயிற்று. லட்சக்கணக்கான வண்டிகளின் சிறு தொட்டிகளோ அப்படியே விடப்பட்டன. லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டியின் நிர்வாகக் குழுவைச் சேர்ந்த கென்னத் ஹான் 1953 முதல் டிட்ராய்ட் நகரத்து மோட்டார்க் கம்பெனி முதலாளிகளுக்கு விடாமல் கடிதம் எழுதி வந்தார். வண்டியின் ஆவிகள் காற்றில் விரைவில் கலைந்து போய்விடுவதால் அவற்றால் தொல்லையில்லை என்பதே ஃபோர்டு நிறுவனத்திலிருந்து அவருக்குக் கிடைத்த பதிலின் தாத்பரியம். மாசு தடுக்கும் கருவிகளைத் தாமதப்படுத்தக் கம்பெனிகள் கூடிச் சதி செய்தன என்று அமெரிக்க நீதி இலாகா 1969-இல் வழக்கே தொடுத்தது. விசாரணை நடக்காமல் அவ்வாண்டிலேயே அது சமரசமாக முடிந்தது.

கட்டுப்பாடு படிப்படியாகவே வந்தது. இயந்திரத்தின் அடிப்பெட்டியிலிருந்து கசியும் வாயுவைத் திருப்பி எரிக்கும் குழாய் 1961-இல் கலிபோர்னியா வண்டிகளிலும் 1963-இல் நாடு முழுவதிலும் வந்தது. புகைக்குழாய்க்கு விதி 1966-இல் கலிபோர்னியாவிலும் 1968-இல் நாடு முழுவதிலும் பிறந்தது. கட்டுப்பாடற்ற ஒரு வண்டி வெளியிடும் ஹைட்ரோகார்பனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வெறும் ஆவியாதலினாலேயே போகிறது என்ற கணக்கு தெளிவான பின், 1970-ஆம் ஆண்டு மாடல்களுக்குக் கலிபோர்னியாவிலும், 1971 மாடல்களுக்கு அமெரிக்கா முழுவதிலும் ஆவியை அடக்கும் ஏற்பாடு கட்டாயமாயிற்று. அதுவரையில் தொட்டியின் மூடியில் காற்றுக்கு வழி இருந்தது; கார்புரேட்டர்க் கிண்ணமும் திறந்தே இருந்தது. வண்டியை நிறுத்தியவுடன் இயந்திரத்தின் சூடு கார்புரேட்டருக்கு ஏறி, அதிலிருந்த பெட்ரோலைக் கொதிக்க வைத்து ஆவியாக்கியது. மோட்டார்க் கொட்டகைகளில் வீசிய பெட்ரோல் வாசனைக்கு இதுவே காரணம்.

இந்த ஆவியை எங்கே நிறுத்தி வைப்பது? கிரைஸ்லர் நிறுவனம் தொடக்கத்தில் இயந்திரத்தின் அடிப்பெட்டியிலேயே அதைச் சேர்த்து வைக்கும் உபாயத்தைக் கையாண்டு பார்த்தது. விரைவிலேயே அதுவும் மற்றவர்களைப் போலக் கரியை நாடியது. கரிக்கு இந்த சக்தி உண்டென்பது பழைய செய்தி. ஸ்வீடன் தேசத்து ஷீலே என்ற ரசாயனி கரி வாயுக்களை உட்கொள்ளுவதை 1773-இலேயே கவனித்திருந்தார். 1915 ஏப்ரல் 22-ஆம் தேதி ஈப்ர் போர்க்களத்தில் ஜெர்மானியர் குளோரின் வாயுவை ஏவிய பிறகு, போர்வீரர்களின் முகமூடியில் கரி இன்றியமையாத பொருளாயிற்று. அமெரிக்கர் அதற்குத் தேங்காய்ச் சிரட்டைக் கரியையே சிறந்ததாகக் கண்டு, சிரட்டை போதாதபோது பீச் பழக் கொட்டைகளைக் கூட வீடுவீடாகச் சேகரித்தார்கள். பக்குவம் செய்த கரி ஒரு கிராமுக்குள் ஏறக்குறைய ஆயிரம் சதுர மீட்டர்ப் பரப்பு அடங்கியிருக்கிறது. ஆவியின் அணுத்திரள்கள் அந்தப் பரப்பில் ஒட்டிக்கொள்ளுகின்றன.

ஆயினும் முகமூடிக்கும் வண்டிக்கும் பெரிய பேதம் உண்டு. விஷத்தைப் பிடித்த கரி அதை விடவே கூடாது. பெட்ரோல் ஆவியைப் பிடித்த கரியோ, மறுநாளைய ஆவிக்கு இடம் வைக்கும் பொருட்டுப் பிடித்ததை விட்டுவிட வேண்டும். சிரட்டைக் கரியின் நுண்துளைகள் மிகக் குறுகலானவை. ஆதலால் அவை ஆவியை இறுகப் பற்றிக்கொள்ளும். சற்று அகன்ற துளைகளையுடைய மரக் கரியே இந்த வேலைக்கு உகந்தது என்று கண்டு, வர்ஜீனியா மாகாணத்துக் காவிங்டன் ஊரில் காகிதம் செய்து வந்த வெஸ்ட்வாகோ கம்பெனி அத்தகைய கரியைத் தயாரித்துப் பெயர் பெற்றது. இயந்திரம் ஓடும்போது அதன் உறிஞ்சு சக்தி குடுவையின் வழியாகப் புதுக் காற்றை இழுக்கிறது. அந்தக் காற்று கரியிலிருந்து ஆவியைப் பெயர்த்துக்கொண்டு போய் எரிதலில் சேர்க்கிறது. கரி கழுவப்பட்டதுபோல் மறுபடியும் காலியாகிறது. முற்காலத்துக் குடுவைகளின் அடியில் காற்று நுழையும் இடத்தில் நார் வடிகட்டி ஒன்று இருந்தது. அதை மட்டும் காலாகாலத்தில் மாற்றினால் போதுமாயிருந்தது.

வேறு எதையும் கோராத இந்த எளிய பொருளை மக்கள் வெறுத்த காலம் ஒன்றுண்டு. 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்து, வண்டிகளின் சக்தியும் குறைந்திருந்தபோது, பானெட்டுக்கு அடியில் பின்னிக் கிடந்த ரப்பர்க் குழாய்கள் அனைத்தும் வீண் சுமை என்ற எண்ணம் பரவி, கரிக் குடுவையும் அவற்றோடு சேர்த்துக் கழற்றப்பட்டது. இது அநியாயம் என்பது என் உறுதியான அபிப்பிராயம். இயந்திரத்தின் பலத்தில் குடுவை கை வைப்பதில்லை. காற்றில் போயிருக்க வேண்டிய பெட்ரோலைத் திருப்பிக் கொடுக்கிறது. கழற்றியபின் குழாயைத் திறந்தே விட்டால் வாசனையும் தீ அபாயமும் மிஞ்சும். அடைத்துவிட்டால், மூடியில் காற்றுக்கு வழியில்லாத வண்டியில், பெட்ரோல் குறையக் குறையத் தொட்டிக்குள் வெற்றிடம் உண்டாகி இயந்திரம் தவிக்கும். அமெரிக்கச் சட்டம் இத்தகைய கருவிகளைச் செயலிழக்கச் செய்வதை 1970-இல் உற்பத்தியாளருக்கும் விற்பனையாளருக்கும் தடுத்தது. 1977-இல் பழுது பார்ப்போரையும், 1990-இல் எல்லாரையுமே அத்தடைக்குள் கொண்டுவந்தது.

சோதனை முறையும் இதற்கிடையே மாறியது. ஆவி வெளிப்படும் துவாரங்களில் மட்டும் கரி வைத்து எடை பார்த்த முதல் முறை, மற்ற இடங்களில் கசிந்ததைக் காணவேயில்லை. 1978 மாடல்களுக்கு வண்டி முழுவதையும் காற்றுப் புகாத அறைக்குள் அடைத்துச் சோதிக்கும் முறை வந்தது. சோதனை ஒன்றுக்கு 6 கிராம் என்ற வரம்பு, 1981-இல் 2 கிராமாகச் சுருங்கியது. 1998 மாடல்கள் முதல், பெட்ரோல் நிரப்பும்போது வெளிவரும் ஆவியையும் வண்டியே பிடிக்க வேண்டும் என்ற விதி படிப்படியாக அமலாக, குடுவையும் பெரிதாயிற்று.

நம் நாட்டில் 2017-இல் அமலான பாரத் ஸ்டேஜ் நான்கு விதிகளுக்குப் பின் ஸ்கூட்டர்களிலும் மோட்டார் சைக்கிள்களிலும் கூடச் சிறிய கேனிஸ்டர்கள் காணப்படுகின்றன. அவற்றைக் கெடுப்பது பெரும்பாலும் காலம் அன்று, நம் பங்க்குகளின் பழக்கம். குழல் தானாக நின்ற பிறகும், ரூபாய்க் கணக்கை முழுமையாக்கும் பொருட்டு இன்னும் சிறிது நிரப்பும்போது, திரவப் பெட்ரோலே ஆவிக்குழாயில் ஏறிக் கரியில் போய்ச் சேருகிறது. ஆவிக்கென்று அமைந்த துளைகள் திரவத்தில் மூழ்கி அடைபடுகின்றன. சில வேளைகளில் கரிமணிகள் உதிர்ந்து, ஆவியை இயந்திரத்துக்கு விடும் வால்வில் போய் அடைத்துக்கொள்ளுகின்றன. நிரப்பியவுடன் வண்டி கிளம்பத் திணறுகிறது. அந்த நிலைக்கு வந்த குடுவையை உலர்த்திச் சீர்ப்படுத்த முயலுவதில் பிரயோஜனம் சொற்பம். புதிதாக மாற்றி, கூடவே வால்வையும் குழாய்களையும் பார்த்துச் சுத்தம் செய்வதுதான் முறை.