டீமன்

கணினிப் பரிபாஷையில், திரைமறைவில் ஓசையின்றி இயங்கும் நிரலைக் குறிக்கும் இச்சொல்லுக்குப் பிசாசு என்று அர்த்தம் கொள்வது பொருந்தாது. தேவர்க்கும் மனிதர்க்கும் இடைப்பட்ட சக்தியைக் குறித்த கிரேக்கப் பதத்தை, மூலக்கூறுகளைப் பிரிப்பதாக இயற்பியலாளர் மாக்ஸ்வெல் கற்பித்த பூதத்தை நினைந்து, 1963-இல் எம்.ஐ.டி. நிபுணர்கள் இத்தகைய நிரல்களுக்குச் சூட்டினர். சிங்கப்பூரில் ரயில்வேத் தொழிலாளர் வழிபட்ட, இன்று காமன்வெல்த் டிரைவில் கோயில் கொண்டிருக்கும் முனீஸ்வரனைப் போன்ற காவல் தெய்வமே நமக்கு இணக்கமான உவமை.

டீமன்களுள் தலைமை பூண்ட ‘ஐநெட்-டி’ (ஈற்று ‘டி’ டீமனைச் சுட்டும்) 21, 23 முதலிய வலையமைப்பு வாயில்களில் (போர்ட்) தானொன்றே காத்திருந்து, கோரிக்கை வந்த கணத்தில் மட்டும் உரிய சேவையை எழுப்பும். நினைவகம் அருமையாயிருந்த காலத்தில் இஃது எத்துணைச் சிக்கனம்! அதன் அமைப்புக் கோப்பில் ஒரு சேவைக்குரிய வரியின் முன் ஹேஷ் குறியிட்டு, கோப்பை மீண்டும் படிக்க ஏவினால் அச்சேவை அடங்கும். இன்றைய லினக்ஸில் இப்பணியைப் பெரும்பாலும் சிஸ்டம்-டி ஏற்றிருக்கிறது.