துவக்கு திருவிழாவான கதை

துவக்குச் சத்தம் கேட்டால் எங்கே, எத்தனை பேர் என்று விசாரிக்கப் பழகிய பத்திரிகையாளன் நான். அதே சத்தத்தைத் திருவிழாவாகக் கொண்டாடும் நாடு சுவிற்சர்லாந்து என்று அறிந்தபோது வியந்தேன். அதன் வரலாற்றில் நமக்கும் ஒரு பாடம் உண்டு.

1824 ஜூன் மாதம் ஆராவ் என்னும் சிறு நகரத்துத் துப்பாக்கிச் சங்கத்தினர், குறிபார்த்துச் சுடும் போட்டியொன்றை ஒழுங்கு செய்தனர். ஏனைய கன்டன்களுக்கும் அழைப்பு அனுப்பினர். அன்றைய சுவிற்சர்லாந்து 22 கன்டன்களின் தளர்ந்த கூட்டு. மொழியும் மதமும் வேறு வேறு. அவ்விழாவிலேயே நாடளாவிய சங்கமும் பிறந்தது. பின்னர் நகருக்கு நகர் விழா இடம் மாறியது.

1847 கோடையில் கிளாருஸ் நகரில் போட்டி நடந்தது. நவம்பரில் உள்நாட்டுப் போர் மூண்டது! விழாவால் அதைத் தடுக்க முடியவில்லை. ஒரு மாதத்துக்குள் போர் ஓய்ந்தது. மாண்டோர் ஏறக்குறைய நூறு பேர். லூசேர்ன் தலைமையிலான கத்தோலிக்கக் கன்டன்கள் தோற்றன. ஆயினும் 1848ஆம் ஆண்டின் அரசியலமைப்பு கன்டன்களின் தன்னாட்சியைப் பேணியது.

1849இல் மீண்டும் ஆராவில் போட்டி. 1853இல் விழாவை நடத்திய நகரம் எது தெரியுமா? தோற்றுப்போன லூசேர்ன்தான்.

தோற்றவனை விருந்துக்கு அழைப்பது எளிது. அவன் வீட்டுக்கு விருந்தாளியாகச் செல்வதே இணக்கம். எங்கள் நாட்டில் போர் 2009 மே மாதம் முடிந்தது. வெற்றி விழாக்களைப் பற்றிச் செய்தி எழுதியிருக்கிறேன். இத்தகைய விழாவொன்றைப் பற்றி எழுதும் வாய்ப்பு இன்னும் வாய்க்கவில்லை.