சிகாகோ துறந்த ஆட்டம்

1939 டிசம்பர் 21. கல்லூரி அணிகளுக்கிடையே நடக்கும் ஃபுட்பால் போட்டிகளிலிருந்து விலகுவதாகச் சிகாகோ பல்கலைக்கழக அறங்காவலர் குழு அறிவித்தது. ஒருகாலத்தில் அமெரிக்காவையே ஆட்டிவைத்த அணி, அன்றோடு கலைந்தது.

இது நம் ஊர்க் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தை அணைத்தபடி, எதிரணியை மோதித் தள்ளி முன்னேறும் முரட்டு ஆட்டம். ஒரு கல்லூரியின் பெருமையை இந்த ஆட்டத்தை வைத்தே மதிப்பிடுவோர் அமெரிக்காவில் இன்றும் ஏராளம்.

எண்ணெய் அதிபர் ராக்ஃபெல்லரின் கொடையால் உருவான சிகாகோ பல்கலைக்கழகம் 1892-ல் வகுப்புகளைத் தொடங்கியது. புதிய நிறுவனத்தின் பெயர் விரைவாகப் பரவ வேண்டும் என்று விரும்பினார் முதல் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர். யேல் பல்கலைக்கழகத்தில் தம்மிடம் படித்த அமோஸ் அலோன்சோ ஸ்டாக் என்ற இளைஞரை ஃபுட்பால் பயிற்சியாளராக அழைத்து, பேராசிரியர்களுக்கு இணையான நிரந்தரப் பதவி தந்தார். முதல் ஆண்டில் ஆட்கள் போதாமல் பயிற்சியாளர் ஸ்டாக்கே களமிறங்கி ஆடினார்.

அங்கிருந்து 41 பருவங்கள் அந்த அணி அவர் கையில் இருந்தது. அமெரிக்க மத்திய மேற்குப் பகுதிப் பல்கலைக்கழகங்களின் 'பிக் டென்' கூட்டமைப்பில் 7 பட்டங்கள் வென்றது. 1905-ல் நன்றி நவிலும் நாளன்று, 56 ஆட்டங்களாகத் தோல்வியே காணாத மிச்சிகனை 2-0 என்று வீழ்த்தியது. வணிகர் மார்ஷல் ஃபீல்ட் நிலம் தந்த மைதானம் பின்னர் 'ஸ்டாக் ஃபீல்ட்' ஆனது. ஆனால் 1905 வெற்றியின் நாயகன் வால்டர் எக்கர்சால் கடைசிவரை பட்டம் பெறவில்லை. ஹார்ப்பர் தேடிய விளம்பரத்துக்குப் படிப்பு கொடுத்த விலை அது.

1929-ல் ராபர்ட் மேனார்ட் ஹட்சின்ஸ் தலைவரானார். வயது 30. அவர் பாடத்திட்டத்தை மாற்றினார். கடுமையான பொதுத் தேர்வுகளைக் கொண்டுவந்தார். விளையாட்டுக்காகவே வரும் மாணவர்களுக்கு அங்கே இடம் குறைந்தது. 70 வயதான ஸ்டாக்குக்கு 1932-க்குப் பிறகு பணி நீட்டிப்பு தரவில்லை. பின்வந்த கிளார்க் ஷானெஸ்ஸியின் காலத்திலும் ஒரு நட்சத்திரம் ஒளிர்ந்தது: பின்னாளில் ஹைஸ்மன் கோப்பை என்று பெயர்பெற்ற விருதை 1935-ல் முதன்முதலாக வென்ற ஜே பெர்வாங்கர். ஆனால் தனி ஒருவரால் அணியின் சரிவைத் தடுக்க முடியவில்லை.

1938 டிசம்பரில் 'சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்' இதழில் ஹட்சின்ஸ் வெளிப்படையாக எழுதினார். நுழைவுக் கட்டண வசூலுக்காகக் கல்லூரிகள் ஆட்டக்காரர்களுக்குப் பணம் கொடுத்து இழுப்பதைச் சாடினார். கட்டணத்தை 10 சென்ட்டாகக் குறையுங்கள் என்றார். அடுத்த ஆண்டே கணக்கு பகிரங்கமானது. மிச்சிகன் 85, சிகாகோ 0. ஹார்வர்ட் 61, சிகாகோ 0. ஒஹையோ ஸ்டேட்டும் அதே 61. ஆட்டக்காரர்களை விலைக்கு வாங்குவது, அல்லது விலகுவது என்ற இரண்டு வழிகளே மிஞ்சின. ஹட்சின்ஸ் இரண்டாவதைத் தேர்ந்தார். 1946-ல் பல்கலைக்கழகம் பிக் டென்னிலிருந்தும் வெளியேறியது.

இதே ஹட்சின்ஸ்தான் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகரை 1937-ல் சிகாகோவுக்குக் கொண்டுவந்தவர். தோல் நிறத்தைக் காட்டி, சந்திரசேகர் வகுப்பெடுப்பதை டீன் ஒருவர் எதிர்த்தபோது, அதை ஏற்காமல் வகுப்பெடுக்க வைத்தவரும் அவரே. ஒரு பல்கலைக்கழகம் யாரைத் தேடிப் போக வேண்டும் என்பதில் அவருக்குத் தெளிவு இருந்தது.

ஆட்டம் நின்றுபோன ஸ்டாக் ஃபீல்டின் மேற்குப் பார்வையாளர் மாடத்துக்குக் கீழே இருந்த ஓர் ஆட்டக்கூடத்தில், 1942 டிசம்பர் 2 அன்று, இயற்பியலாளர் என்ரிகோ ஃபெர்மி குழுவினர், மனிதர் உருவாக்கிய முதல் தானாகவே நீடிக்கும் அணுக்கருத் தொடர்வினையை நிகழ்த்தினர். 1957-ல் அந்த மாடங்கள் இடிக்கப்பட்டன. மைதானம் இருந்த இடத்தில் 1970-ல் ரீகன்ஸ்டைன் நூலகம் திறக்கப்பட்டது.

ஃபுட்பால் ஒரேயடியாக அழிந்துவிடவும் இல்லை. 1963-ல் அது சிறிய அளவில் திரும்பியபோது, மாணவர்கள் களத்தில் உட்கார்ந்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஆனாலும் 1969-ல் பல்கலைக்கழக அணி மீண்டும் உருவானது. இன்று அது விளையாட்டுக்கென உதவித்தொகை தராத மூன்றாம் பிரிவில் ஆடுகிறது. அணியில் இருப்போர் படிக்க வந்த மாணவர்கள், கூடவே ஆடுகிறார்கள்.

ஹட்சின்ஸ் விரட்டியது விளையாட்டை அல்ல, விளையாட்டின் பெயரால் நடந்த வியாபாரத்தை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். கோப்பைகளையும் விளம்பரப் பலகைகளையும் காட்டி மாணவர்களைச் சேர்க்கும் எந்தக் கல்வி நிறுவனமும் இந்த வரலாற்றைப் படிக்க வேண்டும். பிள்ளைகளை அங்கே சேர்க்கும் பெற்றோரும் படிக்க வேண்டும்.