ஒரே தண்டவாளம், இரண்டு எஞ்சின்: மாதிரி ரயில் கொன்ட்ரோலரின் கதை

மாதிரி ரயில் வாங்கப் போகிறவர் முதலில் எஞ்சினைத்தான் பார்ப்பார். நிறம், சில்லு, புகைபோக்கி எல்லாம் பார்த்து முடிச்சபிறகுதான் "இதுக்கு எந்தக் கொன்ட்ரோலர்?" எண்டு கேட்பார். வரலாற்றைப் பார்த்தால் இந்தக் கேள்விதான் முதலில் வரவேணும். நூறு வருசமாக இந்தப் பொழுதுபோக்கின் போக்கைப் பெரிதும் தீர்மானித்தது எஞ்சினுக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டிதான்.

தொடக்க காலம் கொஞ்சம் பயங்கரமானது. ஜேர்மனியின் மேர்க்லினும் பிரித்தானியாவின் ஹோர்ன்பியும் ஆரம்பத்தில் விற்ற சில மின்சார ரயில்கள் வீட்டு மின்சாரத்திலேயே ஓடின. இடையில் தடையாக ஒரு மின்குமிழ், அவ்வளவுதான். 1925 இல் வந்த ஹோர்ன்பியின் முதல் மின்சார ரயிலும் இந்த வகைதான். பிள்ளைகள் கைவைக்கிற தண்டவாளத்தில் வீட்டுக் கரண்ட்! நல்லகாலம், டிரான்ஸ்போமர் வழியாகக் குறைந்த வோல்ட்டில் ஓடும் ரயில்கள் இவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டன.

1938 இல் வந்த ஹோர்ன்பி டப்ளோ 12 வோல்ட் நேரோட்டத்தில் ஓடியது. முறை மிக எளிது. குமிழைத் திருப்பினால் வோல்ட் கூடும், வேகம் கூடும். நேர், மறை முனைகளை மாற்றினால் எஞ்சின் பின்னுக்குப் போகும். மேர்க்லின் வேறு வழியில் போனது. அது ஆடலோட்டத்தைப் பிடித்துக்கொண்டு, திசைமாற்ற 24 வோல்ட் அளவில் ஒரு துடிப்பை அனுப்பியது. ஆக, ஒரு முறைக்கான எஞ்சினை மற்றதற்கான பெட்டியோடு இணைத்தால் மோட்டரே கருகலாம். பழைய சாமான் வாங்குகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

இந்த இரண்டு முறைக்கும் பொதுவான ஒரு குறை இருந்தது. கட்டளை போனது தண்டவாளத்துக்கு, எஞ்சினுக்கு அல்ல. ஒரே பாதையில் இரண்டு எஞ்சினை வைத்தால் இரண்டும் சேர்ந்தே ஓடும், சேர்ந்தே நிற்கும். அதனால் பாதையைத் துண்டுதுண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் சுவிட்ச் போட்டார்கள். ரயில் ஓட்டுகிறவர் பாதையைப் பார்ப்பதா சுவிட்சைப் பார்ப்பதா?

அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 1946 இல் தொடங்கிய மாதிரி ரயில் கழகம் இந்தச் சிக்கலைத் தொலைபேசி நிலையக் கருவிகளால் சமாளித்தது. மேசைக்கு மேலே ரயில் ஓட, மேசைக்குக் கீழே ரிலேக்களும் வயர்களும் பின்னிக் கிடந்தன. அந்த வயர்களோடு மல்லுக்கட்டிய மாணவர்கள்தான் பிறகு கணினிகளைத் தேடிப் போனார்கள். 'ஹக்கர்' என்ற சொல் கணினி உலகுக்குள் வந்ததில் இந்தக் கழகத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

அடுத்த படி, கட்டளையை எஞ்சினுக்கே அனுப்புவது. 1960களில் ஜெனரல் எலெக்ட்ரிக் 'அஸ்ட்ராக்' என்ற முறையில் ஐந்து எஞ்சின்களைத் தனித்தனியாக ஓட்டிக் காட்டியது. 1979 இல் ஹோர்ன்பியின் 'ஸீரோ 1' அதைப் பதினாறாக்கியது. தண்டவாளத்தில் எப்போதும் கரண்ட் இருக்கும். எஞ்சினுக்குள் இருக்கும் சின்னச் சில்லு தன் இலக்கத்துக்கு வரும் கட்டளையை மட்டும் கேட்கும். அருமையான யோசனை. ஆனால் அது ஒரு நிறுவனத்தின் மொழி. அந்த நிறுவனம் கைவிட்டதும், வாங்கியவர்களும் நடுவழியில் நின்றார்கள்.

ஜேர்மனியரான பேர்ன்ட் லென்ஸ் 1980களின் கடைசியில் உருவாக்கிய முறை வேறு கதை. அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில்பாதைச் சங்கம் 1990களில் அதை அடிப்படையாக வைத்துப் பொதுத் தரம் ஒன்றை வகுத்தது. அதுதான் டிசிசி. எந்த நிறுவனமும் அதைப் பின்பற்றலாம். ஒருவரின் பெட்டி, இன்னொருவரின் சில்லு, வேறொருவரின் எஞ்சின் எல்லாம் ஒன்றோடொன்று பேசும். கடைசியில் ஹோர்ன்பியும் டிசிசிக்கே வந்து சேர்ந்தது.

அப்ப, எதை வாங்குவது? ஒரு வட்டம், ஒரு எஞ்சின் எண்டால் சாதாரண 12 வோல்ட் நேரோட்டப் பெட்டியே போதும். மோட்டர் இரும்பு உள்ளகம் இல்லாத நுண்ணிய வகை எண்டால், துடிப்பாகக் கரண்ட் அனுப்பும் பழைய பெட்டிகளைத் தவிர்க்கவேணும். மோட்டர் சூடேறிப் பழுதாகும். நண்பர்களோடு சேர்ந்து நாலைந்து எஞ்சின் ஓட்டும் எண்ணம் இருந்தால் டிசிசி. அப்போதும் அது எத்தனை அம்பியர் தரும் எண்டு பாருங்கோ. ஒரே நேரத்தில் ஓடும் எஞ்சின்கள் எல்லாவற்றுக்கும் அது காணவேணும். சில்லு இல்லாத பழைய எஞ்சினை டிசிசி பாதையில் நிறுத்தி வைக்காதீர்கள். அமெரிக்காவில் இருந்து வரும் பெட்டி 120 வோல்ட்டுக்கு மட்டுமானதா எண்டும் பாருங்கோ. எங்கள் வீட்டுச் சுவரில் இருப்பது 230.

விலையையும் பொத்தான்களையும் பிறகு பார்க்கலாம். பெட்டியைச் செய்த நிறுவனம் நாளைக்கு இல்லாமல் போனாலும் உங்கள் எஞ்சின் ஓடுமா? ஸீரோ 1 வாங்கியவர்கள் கேட்காமல் விட்ட கேள்வி அதுதான்.