கைப்பையில்லா ஊழியமும் கண்டித் தமிழரின் வாசலும்: 1853இன் மோர்மன் பயணத்தை மறுவாசித்தல்

1853இல் ஆசியாவுக்கு வந்த மோர்மன் ஊழியர்கள் ஏன் தோற்றார்கள் என்ற கேள்விக்கு ஆய்வுலகில் ஒரு ஆயத்த விடை உண்டு. 1852 ஆகஸ்ட் 29 அன்று சால்ட் லேக் சிட்டியில் பலதார மணக் கோட்பாடு பகிரங்கமாக அறிவிக்கப்பட்டது. அந்தச் செய்தி ஊழியர்களுக்கு முன்பே கப்பலேறியது. பாதிரிமார் அதைப் பிடித்துக்கொண்டு எல்லாக் கதவுகளையும் அடைத்தார்கள் என்பது அந்த விடை. கல்கத்தாவையும் பம்பாயையும் பொறுத்தவரை இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் இலங்கைக்கு இதை அப்படியே நீட்டுவது சரியென்று எனக்குத் தோன்றவில்லை. சயாமுக்கு (இன்றைய தாய்லாந்துக்கு) என்று நியமிக்கப்பட்ட நால்வரில் சான்சி வெஸ்ட், பெஞ்சமின் டூயி என்ற இரு இளைஞர்கள், பர்மியப் போரின் காரணமாக வழி மாறி இலங்கைக்கு வந்தார்கள். சில காலம் அலைந்து, பலன் எதுவும் காணாமல் பம்பாய்க்குப் போய்விட்டார்கள். இவ்விருவரின் தோல்வி அவர்களுடைய கோட்பாட்டால் வந்ததைவிட அவர்களுடைய சாப்பாட்டால் வந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம். அவர்கள் கண்டி வரை நடந்தார்களா என்பதை இந்த வாதம் சார்ந்திருக்கவில்லை. கண்டி மலைகளில் அவர்களது முறை ஏன் வேர்பிடித்திருக்க முடியாது என்பதைப் பார்த்தால் கரையோரத்தில் நடந்ததும் விளங்கும்.

எல்லாம் ஒரு மூலத்தை எப்படி வாசிக்கிறோம் என்பதில்தான் வந்து நிற்கிறது. மோர்மன் வேதநூல்களுள் ஒன்றான ‘கோட்பாடும் உடன்படிக்கைகளும்’ நூலின் 84ஆம் பிரிவு, 1832 செப்டம்பரில் ஒஹாயோ மாநிலத்துக் கர்ட்லண்டில் மோர்மன் சபையின் நிறுவனர் ஜோசப் ஸ்மித் வெளியிட்டது. ஊழியத்துக்குப் புறப்படுகிறவர்கள் பணப்பையோ சாமான் பையோ எடுத்துச் செல்லக் கூடாது, நாளைய உணவுக்கும் உடைக்கும் கவலைப்படக் கூடாது என்பது அதன் கட்டளை. இதைத் துறவின் விதியாக வாசிப்பதே வழக்கம். விசுவாசத்தைப் புடமிடும் வறுமை, அப்போஸ்தலரின் எளிமைக்குத் திரும்புதல் என்றெல்லாம் அதற்கு உரை எழுதப்பட்டுள்ளது. பிரிவின் பிற்பகுதியைப் பொறுமையாகப் படிப்பவருக்கு வேறொன்று தெரியும். ஊழியருக்கு உணவும் உடையும் பணமும் கொடுப்பவரே சீடர், கொடாதவர் சீடர் அல்லர், சீடரை இன்னாரென்று அறிந்துகொள்வதற்கான வழியே இதுதான் என்கிறது அது. ஏற்காத வீட்டை விட்டு நீங்கி, தனித்துப்போய்க் கால்களைக் கழுவிச் சாட்சி பகரும்படியும் சொல்கிறது. ஆகவே கைப்பையை விட்டுவிட்டு வருவது ஊழியரின் மனத்தைச் சோதிப்பதற்காக அன்று, வீட்டுக்காரரைச் சோதிப்பதற்காக. ஒரு வேளைச் சோறு இங்கே பசியாற்றும் பொருள் மட்டுமன்று, தீர்ப்புக்கான சான்றும்கூட. ஊழியரின் அன்றாட வாழ்வு முழுவதும் இந்தச் சான்றைத் தேடுவதிலேயே கழிகிறது: காலையில் எந்தக் கதவைத் தட்டுவது, மதியம் யார் அழைப்பார்கள், இரவு எந்தக் கூரையின் கீழ். அவரைப் பொறுத்தவரை இவை வசதி பற்றிய கேள்விகள் அல்ல, வேதக் கேள்விகள். துறவி என்று அவரை வகைப்படுத்தும்போது இந்த அறிதல்முறை நம் கண்ணிலிருந்து நழுவிவிடுகிறது.

இந்த முறை செல்லுபடியாவதற்கு ஒரு சமூக நிபந்தனை தேவை. சோறு போடுவதும் சொல்லைக் கேட்பதும் ஒரே செயலாகக் கருதப்படும் ஊராக அது இருக்க வேண்டும். நியூயோர்க், ஒஹாயோ பண்ணைவீடுகளில் நிலைமை ஏறத்தாழ அப்படித்தான் இருந்தது. அங்கே ஊர்சுற்றும் போதகரை மேசையில் அமர்த்துகிறவர் அவருடைய பிரசங்கத்துக்கும் இடம் கொடுக்கிறவர். கண்டியில் இந்தச் சமன்பாடு தொடக்கத்திலேயே பிசகிவிடுகிறது. பிண்டபாதத்துக்கு வரும் பிக்குவின் பாத்திரத்தில் சோறு இடுகிறவர் தமக்குப் புண்ணியம் தேடுகிறார், அன்றைய உபதேசத்துக்குக் கையொப்பமிடுவதில்லை. பண்டாரத்துக்கு அரிசி போடும் தமிழ் வீட்டிலும், சத்திரத்தில் வழிப்போக்கருக்கு இலை போடுவதிலும் கணக்கு இதுவே. இங்கே கொடை கொடுப்பவரோடு முடிந்துவிடுகிறது, வாங்கியவரின் கொள்கையை அது தொடுவதேயில்லை. இப்படிப்பட்ட ஊரில் 84ஆம் பிரிவைக் கையில் வைத்துக்கொண்டு நடப்பவர் இரண்டு வகையிலும் ஏமாறுவார். சோறு கிடைத்தால் சீடர் கிடைத்ததாக நினைத்துக்கொள்வார். சோறு கிடைக்காவிட்டால், சாதியாலோ வெள்ளைக்காரர் மீதான அச்சத்தாலோ மூடியிருந்த கதவை நிராகரிப்பு என்று எழுதிக்கொள்வார். ஊர் திரும்பிய ஊழியர்களின் எழுத்துக்களில் ‘எங்களை ஏற்கவில்லை’ என்று வரும் இடங்களை அப்படியே சான்றாக எடுத்துக் கொள்கை எதிர்ப்பைக் கணக்கிடும் ஆய்வுமுறை, இந்தக் காரணத்தாலேயே எனக்கு நம்பிக்கை தரவில்லை.

தோட்டப் பகுதியில் சிக்கல் இன்னும் ஆழமானது. 1853இல் கண்டியைச் சூழ்ந்திருந்தது கோப்பி. மன்னாரிலிருந்து மாத்தளை வழியே நடந்து வந்த தமிழ்த் தொழிலாளர் லயன் காம்பிராக்களில் குடியிருந்தார்கள். காம்பிரா தோட்டத்துக்குச் சொந்தம். அரிசியைத் தோட்டம் அளந்து கொடுத்துச் சம்பளத்தில் கழித்துக்கொண்டது. வந்த வழிச்செலவே கங்காணியின் பற்றுக்கணக்கில் ஏறியிருந்தது. அந்த அரிசியிலும் ஒரு பிடி விருந்தாளிக்கு வேகும் என்பதை மலையகத்தை அறிந்த எவரும் மறுக்கமாட்டார்கள். ஆனால் துரைக்குத் தெரியாமல் ஓர் அந்நியரை, அதிலும் வெள்ளைக்காரரை, லயத்தில் இரவு தங்கவைக்க எந்தக் குடும்பத் தலைவராலும் முடியாது. வாசல் தன்னுடையதாக இல்லாதவரால் வாசலைத் திறக்கவும் முடியாது, அடைக்கவும் முடியாது. 84ஆம் பிரிவு எதிர்பார்க்கும் வீட்டுக்காரர் தன் நிலத்தில் தன் கூரையின் கீழ் இருப்பவர். அவரைக் கண்டித் தோட்டத்தில் தேடியிருந்தால் ஒரே ஓர் ஆள்தான் அகப்பட்டிருப்பார்: துரை. அடுத்த ஆண்டு, 1854இல், சர்ச் மிஷனரி சங்கம் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் இதைத் தெளிவாகப் புரிந்துகொண்டிருந்தது. தோட்டத் துரைமாரின் அழைப்பையும் சந்தாவையும் வாங்கிக்கொண்டு, திருநெல்வேலியிலிருந்து உபதேசிமாரைக் கொண்டுவந்து சம்பளத்துக்கு அமர்த்தியது. அந்த உபதேசியார் லயத்தில் யாரிடமும் சோறு கேட்க வேண்டியிருக்கவில்லை. அதில் பெருமை ஒன்றுமில்லை, அவர் மூலதனத்தின் விருந்தாளி. ஆனால் லயத்தின் வாசல் வரை போய்ச் சேர்ந்தவர் அவர்தான்.

ஆட்சேபங்கள் எழும். பலதார மணம் பற்றிய அவப்பெயரே போதுமான காரணம் என்பார்கள். ஆங்கிலப் பத்திரிகை வாசிக்கும் கொழும்புக் கனவான்களுக்கும் படைமுகாம்களுக்கும் அது பொருந்தும். லயத்துக்கு அந்தச் செய்தி போனதேயில்லை, போயிருந்தாலும் இரண்டு தாரம் அங்கே கேள்விப்படாத சங்கதி அன்று. தட்பவெப்பம், நோய் என்ற காரணத்தை நான் பொருட்படுத்தவில்லை. மற்ற மிஷன்காரரும் அதே காய்ச்சலில்தான் கிடந்தார்கள். இருப்பவற்றில் வலுவான ஆட்சேபம் வேறு: கைப்பையில்லா விதியை இவர்கள் உண்மையில் கடைப்பிடித்தார்களா? சான் பிரான்சிஸ்கோவில் நன்கொடை திரட்டித்தான் இந்தியாவுக்கும் சயாமுக்கும் நியமிக்கப்பட்ட ஊழியர் பதின்மூவரும் ‘மொன்சூன்’ கப்பலேறினார்கள். அவர்களுள் ஒருவரான ரிச்சர்ட் பலன்டைன் சென்னையில் 1854இல் ஆங்கில மாத இதழே நடத்தினார். அச்சகக் கூலியை விசுவாசத்தால் மட்டும் தீர்க்க முடியாது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த விலகல்கள் என் வாசிப்பைப் பலப்படுத்தவே செய்கின்றன. பணம் தீட்டு என்றிருந்தால் கப்பலிலும் அது தீட்டாகவே இருந்திருக்கும். கடலில் தட்டுவதற்கு வீடு இல்லை, எனவே சோதிப்பதற்கும் ஆள் இல்லை. அதனால் அங்கே விதிக்கு வேலையில்லை. கரையில் கால் வைத்ததும் விதி உயிர்பெற்றது. துறவு விதி இப்படி இடம் பார்த்து நடந்துகொள்ளாது.

இன்று இலங்கைக்கு அனுப்பப்படும் ‘எல்டர்’ எனப்படும் இளம் மோர்மன் ஊழியர் அந்த விதியை அறியார். 2012இலிருந்து ஆண்கள் பதினெட்டு வயதிலேயே போகலாம். இரண்டு ஆண்டு, ஒருபோதும் பிரியாத ஒரு துணை, வெள்ளைச் சட்டை, மார்பில் கறுப்புப் பெயர்ப்பட்டி, காலையில் எழுந்து படிப்பும் ஜெபமுமாகத் தொடங்கும் நாள். செலவுக்கு அவரோ அவர் குடும்பமோ மாதந்தோறும் கட்டுகிறார்கள். அமெரிக்காவிலிருந்து வருபவருக்கு 2020 ஜூலையிலிருந்து அது 500 டொலர். பை திரும்ப வந்துவிட்டது, சோதனையும் திசை மாறிவிட்டது. கண்டியில் கட்டுகஸ்தோட்டை வீதிப் பக்கம் மஹய்யாவவை எடுத்துக்கொள்வோம். மாநகர சபையின் சுத்திகரிப்புத் தொழிலாளராகத் தலைமுறைகளாக வேலை செய்யும் இந்திய வம்சாவளித் தமிழர் நெருக்கி வாழும் குடியிருப்பு அது. அங்கே ஒரு வீட்டுப் படி ஏறுபவருக்குக் கேட்காமலேயே கிளாசில் சாயத்தண்ணி வரும், பக்கத்தில் ஒரு துண்டு கருப்பட்டியோ கொஞ்சம் சீனியோ. எல்டர் அதைத் தொட முடியாது. 1833இன் ‘ஞான வார்த்தை’ தேயிலையையும் கோப்பியையும் விலக்குகிறது. வெஸ்டின் காலத்தில் பெரும்பாலும் அறிவுரையாக இருந்தது, 20ஆம் நூற்றாண்டில் கண்டிப்பான விதியாயிற்று. கொழுந்து பறித்த கைகளின் வழிவந்தவர்கள் நிறைந்த மலைநாட்டில், அந்தக் கிளாசை மறுப்பது சிறு காரியம் அன்று. நகரத்தின் குப்பையை அள்ளுகிறவர் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காத விருந்தாளிகளை மஹய்யாவ வேறு காரணங்களுக்காக நன்கறியும். வெளிநாட்டு இளைஞரின் மறுப்பு விசுவாசத்தால் வந்தது என்பதை வீட்டுக்காரர் முதல் பார்வையில் ஊகிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமும் அன்று. ஆக, இப்போது தேர்வில் நிற்பவர் ஊழியர், மதிப்பெண் போடுபவர் வீட்டுக்காரர். பச்சைத் தண்ணீரையோ பெலிமல் கசாயத்தையோ கேட்டு வாங்கிக் குடிக்கும் எல்டருக்குத் தேறிவிட ஒரு வழி இருக்கிறது.

இந்தத் திசைமாற்றம் சட்டத்திலும் தடம் பதித்துள்ளது என்பதைச் சமய வரலாற்றாசிரியர்கள் கவனிக்கவில்லை. மென்சிங்கன் திருச்சிலுவைக் கன்னியர் சபையைக் கூட்டிணைக்கும் சட்டமூலத்தை 2003இல் பரிசீலித்த இலங்கை உயர் நீதிமன்றம், மதம் பரப்புதலும் பொருளுதவியும் ஒரே கையில் இருப்பதை அரசியலமைப்புக்கு முரணானதாகக் கண்டது. ஐ.நா. மனித உரிமைக் குழு 2005இல் அதற்கு மாறான கருத்தைத் தெரிவித்தது. 2004இல் ஜாதிக ஹெல உறுமய கட்சி கொண்டுவந்து நிறைவேறாமல் போன மதமாற்றத் தடைச் சட்டமூலமும் அன்பளிப்பையும் பணத்தையும் ‘ஆசைகாட்டல்’ என்று வரையறுத்தது. உயர் நீதிமன்றத்தின் முடிவும் இந்தச் சட்டமூலமும் ஒரே சித்திரத்தை எடுத்துக்கொள்கின்றன: கொடுக்கும் கை ஊழியருடையது, வாங்கும் கை ஏழையுடையது. வெஸ்டும் டூயியும் வெறுங்கையோடு வந்து ஏழையிடமே கையேந்த வேண்டியவர்கள். அவர்கள் விதியின்படி ஆசைகாட்டக்கூடியவர் வீட்டுக்காரர் ஒருவரே; அவரை விசாரிக்க அந்தச் சட்டமூலத்தில் பிரிவு ஏதும் இல்லை.